சூடு ஏறினால் ஓட்டம், சூடு ஏறினால் உறைவு

செப்புக் கம்பியைச் சூடாக்கினால் அதன் மின்தடை கூடுகிறது. பனிக்கட்டியைச் சூடாக்கினால் உருகுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த இந்த இரண்டு உண்மைகளுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது: வெப்பம் ஒழுங்கைக் குலைக்கும், சூடு ஏற ஏறத் துகள்கள் கண்டபடி ஆடும், ஓட்டம் இடறும். நாம் அன்றாடம் புழங்கும் பொருள்களில் இது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் எலக்ட்ரான்களை மேலும் கீழும் நகர இடமில்லாத ஒரு மெல்லிய தளத்தில் அடைத்து, ஒன்றையொன்று மோதும்படி விட்டுச் சூடாக்கினால் நிலைமை மாறுகிறது. சில அமைப்புகளில் சூடு ஏறும்போது மின்தடை இறங்குகிறது. வேறு சிலவற்றில், குளிரில் தாராளமாக ஓடிய எலக்ட்ரான்கள் சூட்டில் ஆளுக்கோர் இடத்தைப் பிடித்து நிற்பவைபோல் நடந்துகொள்கின்றன. இவை ஏட்டுக் கணக்கோடு நின்றுவிடவில்லை. 1995, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் ஆய்வகங்களில் அளந்து காட்டப்பட்டிருக்கின்றன. வெப்பம் என்ன செய்கிறது என்று நாம் படித்த பாடத்தையே திருத்தி எழுதச் சொல்லும் சோதனைகள் இவை. அவற்றைப் புரிந்துகொள்ள, எலக்ட்ரான் கூட்டம் சூட்டை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நிரம்பிய கூட்டமும் அதன் விளிம்பும்

எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான், ஹீலியம்-3 அணு ஆகியவை ஃபெர்மியான்கள் என்ற இனத்தைச் சேர்ந்தவை. ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்று 1925-இல் வுல்ஃப்காங் பவுலி கண்டுசொன்னார். 1926-இல் என்ரிக்கோ ஃபெர்மியும் பால் டிராக்கும் தனித்தனியாக அந்த விதியிலிருந்து இத்தகைய துகள்களின் புள்ளியியலை வகுத்தார்கள். அதன்படி எலக்ட்ரான்கள் அடிமட்ட ஆற்றலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நிலையாக நிரம்பிக்கொண்டே மேலே வருகின்றன. கடைசியாக நிரம்பும் மட்டத்துக்கு ஃபெர்மி ஆற்றல் என்று பெயர். அதையே வெப்பநிலையாக மாற்றிச் சொன்னால் ஃபெர்மி வெப்பநிலை. செம்பில் அது சுமார் 80,000 கெல்வின். நம் அறையின் வெப்பநிலையோ 300 கெல்வின். செம்புக்குள் இருக்கும் எலக்ட்ரான்களைப் பொறுத்தவரை சித்திரை வெயிலும் கடுங்குளிர்தான்.

படிக்கட்டு வரை அடைத்துக்கொண்டு போகும் பேருந்தில் நடுவில் நிற்பவரால் கையைக்கூட அசைக்க முடியாது. படியோரம் நிற்பவரால்தான் இறங்கி ஏற முடியும். எலக்ட்ரான் கூட்டமும் அப்படியே. வெப்பம் தரும் சிறிய ஆற்றலை அடியில் உள்ள ஓர் எலக்ட்ரான் வாங்கிக்கொள்ள நினைத்தாலும், அது ஏறிப் போக வேண்டிய மட்டங்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன. ஃபெர்மி ஆற்றலின் விளிம்பில் இருப்பவை மட்டுமே அசைய முடியும். வெப்பநிலையை ஃபெர்மி வெப்பநிலையால் வகுத்தால் கிடைக்கும் சிறு பங்குதான் அந்த விளிம்பின் அகலம். உலோகங்களில் எலக்ட்ரான்கள் ஏன் எதிர்பார்த்ததில் நூறில் ஒரு பங்கு அளவே வெப்பத்தை ஏற்கின்றன என்ற நெடுநாள் புதிரை 1927-28-இல் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு இந்த விளிம்பை வைத்துத்தான் தீர்த்தார்.

வெப்பநிலையின் முதல் வேலை, ஆகவே, ஆட்டம் போட அனுமதி உள்ள எலக்ட்ரான்கள் எத்தனை என்று தீர்மானிப்பது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்தடுத்த வியப்புகள் எல்லாம் இதிலிருந்தே கிளைப்பதைக் காணலாம்.

தளத்தில் அடைபட்டவை

இருபரிமாண எலக்ட்ரான் கூட்டம் கற்பனைப் பொருளன்று. கணினிச் சில்லுகளில் உள்ள சிலிக்கான் டிரான்சிஸ்டரே அதற்கு முதல் வீடு. ஆக்சைடு படலத்தின்மேல் உள்ள மின்வாயில் மின்னழுத்தம் கொடுத்தால், சிலிக்கானில் உள்ள எலக்ட்ரான்கள் படலத்தை ஒட்டிய ஒரு மெல்லிய அடுக்குக்குள் இழுக்கப்படுகின்றன. அந்த அடுக்கு மிகக் குறுகியது என்பதால், தளத்துக்குக் குறுக்கே நகர்வதற்கான முதல் ஆற்றல் மட்டத்திலேயே எல்லா எலக்ட்ரான்களும் சிக்கிவிடுகின்றன. குறுக்குத் திசை இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. 1966-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் இதைச் சோதனையில் காட்டினார்கள். 1980-இல் கிளாஸ் வான் கிளிட்சிங் குவாண்டம் ஹால் விளைவைக் கண்டதும் இத்தகைய சிலிக்கான் அடுக்கில்தான். பின்னர் கேலியம் ஆர்சனைடு அடுக்குகள் வந்தன. 2004-இல் ஆந்திரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒற்றை அணு தடிமன் உள்ள கார்பன் தாளான கிராஃபீனைத் தனியே பிரித்துக் காட்டினார்கள்.

இந்த அமைப்புகளின் பெரிய வசதி, மின்வாயின் மின்னழுத்தத்தை மாற்றினாலே எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை விருப்பம்போல் கூட்டிக் குறைக்கலாம் என்பது. ஒரு சதுர செ.மீ. பரப்பில் ஆயிரம் கோடி எலக்ட்ரான்கள் இருந்தால் கேலியம் ஆர்சனைடில் ஃபெர்மி வெப்பநிலை சுமார் 4 கெல்வின். சிலிக்கானில் 1 கெல்வினுக்கும் குறைவு. செம்பின் 80,000 கெல்வினோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். திரவ ஹீலியத்தின் குளிரே இங்கே சூடு ஆகிவிடுகிறது.

எண்ணிக்கையைக் குறைப்பதில் இன்னொரு விளைவும் உண்டு. கூட்டம் குறைந்தால் எலக்ட்ரான்களுக்கு இடையிலான மோதல் பலவீனமாகும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. சிலிக்கானிலும் கேலியம் ஆர்சனைடிலும் அடர்த்தியை நான்கில் ஒரு பங்காக்கினால், எலக்ட்ரான்களின் இயக்க ஆற்றலும் நான்கில் ஒரு பங்காகிறது. ஒன்றையொன்று விலக்கும் மின்னாற்றல் பாதியாக மட்டுமே குறைகிறது. இயக்க ஆற்றல் வேகமாகத் தேய்வதால் விலக்கலின் கை ஓங்குகிறது. இதை எல்லை வரை கொண்டுபோனால் எலக்ட்ரான்கள் விலகி விலகி நின்று படிகமாகவே உறைந்துவிடும் என்று 1934-இல் யூஜின் விக்னர் கணித்தார். திரவ ஹீலியத்தின் மேற்பரப்பில் மிதந்த எலக்ட்ரான்களில் அந்தப் படிகத்தை 1979-இல் கிரைம்ஸ், ஆடம்ஸ் இருவரும் கண்டார்கள்.

வட்டத்தின் கட்டுப்பாடு

ஒன்றோடொன்று இவ்வளவு வலுவாக மோதிக்கொள்ளும் கோடானுகோடித் துகள்களை எப்படிக் கணக்கிடுவது? 1956-இல் லெவ் லாண்டாவ் ஒரு வழி காட்டினார். ஒவ்வோர் எலக்ட்ரானும் தன்னைச் சுற்றியுள்ளவற்றின் பாதிப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஒரு புதிய துகள்போல் நடக்கிறது. அதை குவாசித் துகள் என்கிறோம். அதன் நிறை மாறியிருக்கலாம். ஆனால் குளிர்ந்த நிலையில் அது நீண்ட நேரம் மோதாமல் பயணிக்கிறது.

காரணம் அந்த விளிம்புதான். ஓர் எலக்ட்ரான் மோத வேண்டுமானால், மோதப்படும் துணையும் விளிம்பில் இருக்க வேண்டும். மோதிய பிறகு போய்ச் சேர விளிம்பில் காலியிடமும் இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகள், ஒவ்வொன்றும் வெப்பநிலைக்கு நேர்விகிதம். ஆக மோதல் வீதம் வெப்பநிலையின் இருபடியைப் பொறுத்தது. வெப்பநிலையைப் பாதியாக்கினால் மோதல்கள் கால்பங்காகும். விலக்கு விசை கடுமையாக இருக்கும்போதும் கூட்டம் அமைதியாக இருப்பதன் ரகசியம் இது.

தளத்துக்கு வந்தால் வடிவியல் புதிய நிபந்தனை ஒன்றைச் சேர்க்கிறது. மோதலில் இரண்டு எலக்ட்ரான்களின் கூட்டு உந்தமும் கூட்டு ஆற்றலும் மாறக்கூடாது. குளிரில், மோதலுக்கு முன்னும் பின்னும் அவற்றின் உந்தங்களைக் குறிக்கும் அம்புகளின் முனைகள் ஃபெர்மி ஆற்றல் வரையும் எல்லைக்கு மிக அருகிலேயே இருக்கும். முப்பரிமாணத்தில் அந்த எல்லை ஒரு கோளம்; தளத்தில் ஒரு வட்டம். கோளமானால் கூட்டு உந்தத்தை அச்சாக வைத்து இரண்டு அம்புகளையும் ஒருசேரச் சுழற்றலாம். ஒவ்வொரு கோணமும் ஒரு புதிய விடை. வட்டத்தில் சுழற்ற இடமே இல்லை. கூட்டு உந்தம் இன்னதென்று தெரிந்துவிட்டால் வட்டத்தின்மேல் ஒரே ஒரு ஜோடிதான் பொருந்தும். எலக்ட்ரான்கள் வந்த வழியே போகலாம், அல்லது திசைகளைப் பரிமாறிக்கொள்ளலாம். அவற்றைப் பிரித்தறிய முடியாது என்பதால் பரிமாற்றம் எதையும் மாற்றுவதில்லை.

தப்பிப் போகும் வழி ஒன்றே ஒன்று: நேருக்கு நேர் வரும் இரண்டு எலக்ட்ரான்கள். அவற்றின் கூட்டு உந்தம் சுழி. எனவே எந்தத் திசையிலும் எதிரெதிராகப் பிரியலாம். தளத்தில் உருப்படியான வேலை செய்யும் மோதல்கள் பெரும்பாலும் இவைதான். வந்த வழியே போவது, நேருக்கு நேர் மோதுவது ஆகிய இந்தச் சிறப்பு நிலைகளின் கூட்டுப் பங்களிப்பால் இருபடி விதியோடு ஒரு மடக்கை உறுப்பும் ஒட்டிக்கொள்கிறது என்பது 1971-லிருந்து 1982 வரை வெளிவந்த கணக்குகளில் தெளிவாயிற்று. சமீப ஆண்டுகளில் எம்.ஐ.டி.யின் லியோனிட் லெவிட்டோவும் அவருடைய குழுவினரும் இதை மேலும் கொண்டுசென்று, வட்டத்தில் ஏற்படும் சில வகைக் கலக்கங்கள் வேகமாகவும், வேறு சில மிக மெதுவாகவும் அடங்கும் என்று காட்டியிருக்கிறார்கள். பரிமாணம் ஒன்று குறைந்ததால் வெறும் அளவு மட்டும் மாறவில்லை; மோதலின் குணமே மாறியிருக்கிறது.

சூட்டில் இலகுவாகும் ஓட்டம்

1963-இல் கார்கிவ் நகரைச் சேர்ந்த ராடி குர்ஷி ஒரு கணிப்பை வெளியிட்டார். மாசு மிகக் குறைந்த ஒரு குறுகிய கம்பியை எடுத்துக்கொள்வோம். கடுங்குளிரில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று மோதுவதில்லை. நேராகப் பறந்து போய்க் கம்பியின் ஓரத்தில் முட்டுகின்றன. ஒவ்வொரு முட்டலிலும் முன்னோக்கிய உந்தம் பறிபோகிறது. அதுவே மின்தடை. இப்போது சற்றுச் சூடாக்குகிறோம். விளிம்பு அகலமாகிறது, எலக்ட்ரான்கள் தங்களுக்குள் அடிக்கடி மோதுகின்றன. அந்த மோதல்களில் மொத்த உந்தம் குறைவதில்லை, கைமாறுகிறது அவ்வளவுதான். நடுவில் போகும் ஓர் எலக்ட்ரான் ஓரத்தை அடைய இப்போது பல மோதல்களைத் தாண்டி வளைந்து வளைந்து போக வேண்டும். ஓரத்தில் உந்தத்தைத் தொலைப்பது தாமதமாகிறது. ஆகவே சூட்டில் மின்தடை குறைய வேண்டும் என்றார் குர்ஷி. எலக்ட்ரான் கூட்டம் தனித்தனித் துகள்களாகப் பறப்பதை விட்டு, பாகுநிலை உள்ள ஒரு பாய்மமாக ஓடத் தொடங்குகிறது.

இதைக் காண்பது எளிதாக இல்லை. சாதாரண உலோகத்தைச் சூடாக்கினால் அணுக்களின் அதிர்வும் கூடி, எலக்ட்ரான்களின் உந்தத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கணிப்பு வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1995-இல், டி யோங், மோலென்காம்ப் இருவரும் கேலியம் ஆர்சனைடு தளத்தில் குறுகிய கம்பிகளை வரைந்தார்கள். படிகத்தைக் குளிராகவே வைத்துக்கொண்டு, மின்னோட்டத்தால் எலக்ட்ரான்களை மட்டும் சூடாக்கினார்கள். மின்தடை இறங்கியது.

கிராஃபீன் வந்த பிறகு இந்தத் துறை விரிந்தது. அதன் கார்பன் பிணைப்புகள் மிக விறைப்பானவை. அணு அதிர்வுகள் எலக்ட்ரான்களை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. எனவே அறை வெப்பநிலையை நெருங்கும் சூட்டிலும் எலக்ட்ரான்களுக்கு இடையிலான மோதலே முந்திக்கொள்கிறது. 2016-இல் மான்செஸ்டர் குழு கிராஃபீனில் மின்னோட்டம் நுழையும் இடத்துக்கு அருகே மின்னழுத்தத்தின் குறி தலைகீழாக மாறுவதைக் கண்டது. பாகுநிலை உள்ள பாய்மத்தில் எழும் சுழலின் அடையாளம் அது. 2017-இல் அதே நகரில் இன்னொரு சோதனை. எலக்ட்ரான்கள் ஒரு குறுகிய இடுக்கின் வழியாக மோதாமல் பறந்தால் எவ்வளவு மின்னோட்டம் போகலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. சூடாக்கியபோது கிராஃபீனின் இடுக்குகள் அந்த வரம்பையும் தாண்டின. மோதாமல் போவதைவிட மோதிக்கொண்டு போவது இலகுவாயிற்று. 2019-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஷாஹல் இலானியின் குழு, கார்பன் நானோகுழாயால் செய்த உணரியைக் கொண்டு, கிராஃபீன் பட்டையின் நடுவில் ஓட்டம் மிகுந்தும் ஓரங்களில் குறைந்தும் இருப்பதைப் படமாகவே எடுத்துவிட்டது. குழாயில் ஓடும் தண்ணீருக்கு நாம் படித்த அதே பரவளைய வடிவம்.

மாசு புகுந்தால்

இதுவரை சொன்னவை தூய தளங்கள். மாசு உள்ள தளத்தில் வெப்பநிலை வேறொரு பாத்திரத்தை ஏற்கிறது. 1979-இல் ஆபிரகாம்ஸ், ஆண்டர்சன், லிச்சியார்டெல்லோ, நம் நாட்டு இயற்பியலாளர் டி. வி. ராமகிருஷ்ணன் ஆகிய நால்வரும் ஒரு புகழ்பெற்ற முடிவுக்கு வந்தார்கள்: எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று வினைபுரியாவிட்டால், எவ்வளவு சிறிய மாசு இருந்தாலும், பூஜ்ய வெப்பநிலையை நெருங்கும் இருபரிமாணத் தளம் உலோகமாக இருக்க முடியாது. மாசுகளில் பட்டுச் சிதறும் எலக்ட்ரான் அலைகள் தம்மோடு தாமே குறுக்கிட்டுச் சிறைப்படும். வெப்பம் அந்தக் குறுக்கீட்டைக் கலைப்பதால்தான் தளம் மின்சாரத்தைக் கடத்துகிறது. குளிர்விக்கக் குளிர்விக்க மின்தடை மடக்கை விதிப்படி ஏறும் என்ற கணிப்பு மெல்லிய உலோகப் படலங்களில் உடனே உறுதியாயிற்று.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1994-இல், செர்கேய் கிராவ்சென்கோவும் சக ஆய்வாளர்களும் மிகத் தூய சிலிக்கான் தளத்தில் இதற்கு எதிரானதைக் கண்டார்கள். சுமார் 2 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தபோது மின்தடை கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. அங்கே எலக்ட்ரான்களின் விலக்காற்றல் இயக்க ஆற்றலைவிடப் பல மடங்கு பெரியது. வினைபுரியாத எலக்ட்ரான்களுக்கான தேற்றம் அங்கே செல்லுபடியாகாது. அந்த அடர்த்தியில் ஃபெர்மி வெப்பநிலையும் சில கெல்வின்தான். எலக்ட்ரான்கள் மாசுகளைச் சூழ்ந்து மறைக்கும் திறன் அந்தச் சிறு சூட்டிலேயே வேகமாகத் தேய்கிறது என்பது ஒரு விளக்கம். எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகளுக்கு இடையிலான வினையே உலோக நிலையைக் காக்கிறது என்பது இன்னொரு விளக்கம். முப்பது ஆண்டுகள் ஆகியும் இந்த விவாதம் உயிரோடு இருக்கிறது.

சூட்டில் உறைதல்

எல்லாவற்றிலும் ஆழமான பாடம் ஹீலியம்-3-இல் தொடங்குகிறது. 1950-இல் மாஸ்கோவில் ஐசக் பொமெரான்சுக் ஒரு கணக்குப் போட்டார். ஹீலியம்-3 அணு ஒரு ஃபெர்மியான். அதன் அணுக்கருவின் தற்சுழற்சி மேலோ கீழோ நோக்கலாம். திரவ நிலையில் அணுக்கள் பவுலி விதிப்படி மட்டங்களை நிரப்பி நிற்கின்றன. விளிம்பில் உள்ள சிறு பங்குக்கு மட்டுமே சுதந்திரம். குளிரக் குளிர அதன் என்ட்ரோபி, அதாவது துகள்கள் எத்தனை விதமாக அமையலாம் என்ற வாய்ப்புகளின் அளவு, சுழியை நோக்கி இறங்குகிறது. திட நிலையில் ஒவ்வோர் அணுவும் தனக்கென்று ஓர் இடத்தில் நிற்கிறது. ஓடத்தான் முடியாதே தவிர, தற்சுழற்சியை எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். ஓர் அணுவுக்கு இரண்டு வாய்ப்புகள். அந்தச் சுதந்திரம் மில்லி கெல்வின் குளிர் வரை குறையாமல் இருக்கிறது.

இதன் விளைவு என்ன? சுமார் 0.3 கெல்வினுக்குக் கீழே திடத்தின் என்ட்ரோபி திரவத்தைவிட அதிகம். வெப்பம் எப்போதும் அதிக என்ட்ரோபி உள்ள பக்கம் சாய்வது. ஆகவே தக்க அழுத்தத்தில் திரவ ஹீலியம்-3-ஐச் சூடாக்கினால் அது உறைகிறது. அழுத்தி உறையவைத்தால் குளிர்கிறது. இந்த வினோதத்தையே குளிர்ப்பெட்டியாகக் கொண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் லீ, ஓஷராஃப், ரிச்சர்ட்சன் ஆகியோர் 1971-72-இல் ஹீலியம்-3-இன் மீப்பாய்ம நிலையைக் கண்டுபிடித்தார்கள். 1996-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

பொமெரான்சுக்கின் கணக்குக்கு எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே தத்துவம் எலக்ட்ரான்களில் வெளிப்பட்டது. இரண்டு கிராஃபீன் தாள்களைச் சுமார் 1.1 பாகை திருப்பி அடுக்கினால், ஏறக்குறைய 13 நானோமீட்டர் இடைவெளியில் ஒரு பெரிய மேற்கோலம் உருவாகிறது. அதில் எலக்ட்ரான்களின் இயக்க ஆற்றல் ஒடுங்கி, விலக்காற்றல் தலைதூக்குகிறது. இந்தத் தாள்களில் மீக்கடத்தல் நிகழ்வதை 2018-இல் எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹரியோ-ஹெர்ரேரோவின் குழு அறிவித்தது. 2021-இல் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த குழுவும், கலிஃபோர்னியாவில் ஆண்ட்ரியா யங்கின் குழுவும் வெப்பநிலையை மெல்ல மாற்றிப் பார்த்தன. கோலத்தின் ஒரு கட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு மின்னூட்டத் துகள் என்ற நிரப்பில், குளிரில் சாதாரண உலோகமாக இருந்த கூட்டம், சூடாக்கியதும் ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனிக் காந்தத் திருப்பம் நிற்பதுபோன்ற நிலைக்கு மாறியது.

வைஸ்மன் குழு என்ட்ரோபியையே அளந்தது என்பதுதான் இதில் என்னை மிகவும் ஈர்ப்பது. புதிதாக ஓர் எலக்ட்ரானைச் சேர்க்க ஆகும் ஆற்றல் வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று பார்த்தால், மேக்ஸ்வெல் வகுத்த வெப்ப இயக்கவியல் உறவின் வழியாக, அந்த எலக்ட்ரான் எவ்வளவு என்ட்ரோபியைக் கொண்டுவருகிறது என்று சொல்லிவிடலாம். கிடைத்த அளவு பெரியது. தற்சுழற்சிகள் சுதந்திரமாகத் திரும்புவதற்கு ஒத்தது. வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்து அந்தத் திருப்பங்களைக் கட்டிப்போட்டபோது என்ட்ரோபி இறங்கியது. இருந்தும் அதே எலக்ட்ரான்கள் உலோகத்துக்குரிய எளிதில் அமுங்கும் தன்மையையும் விடவில்லை. ஓடுபவை, நிற்பவை என்ற இரண்டு பெட்டிகளில் எதிலும் அடங்காத ஒரு நிலை அது.

பாடப்புத்தகத்தில் சேர வேண்டிய வரி

இந்தப் பட்டியல் இன்னும் முடியவில்லை. 1986-இல் பெட்நார்ஸ், முல்லர் இருவரும் கண்ட தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளில் எலக்ட்ரான்கள் தாமிரமும் ஆக்சிஜனும் அமைந்த தளங்களில் ஓடுகின்றன. அவற்றில் சிலவற்றின் மின்தடை லாண்டாவின் இருபடி விதியை மதிக்காமல், வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் நூற்றுக்கணக்கான கெல்வின் வரை ஏறிக்கொண்டே போகிறது. மோதல்களுக்கு இடையிலான நேரத்தை வெப்பநிலையும் பிளாங்க் மாறிலியும் போல்ட்ஸ்மன் மாறிலியும் மட்டுமே தீர்மானிப்பதுபோல் தோன்றுகிறது. அறை வெப்பநிலையில் அது ஒரு விநாடியின் நாற்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு. திருப்பி அடுக்கிய கிராஃபீனிலும் இதே நேர்கோடு தென்படுகிறது. குவாசித் துகள் என்ற கருத்தே அங்கே நிற்குமா என்பது இன்றைய இயற்பியலின் மையமான கேள்விகளில் ஒன்று.

1911-இல் லெய்டனில் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தைக் குளிர்வித்து, வெப்பநிலைக்கு எதிராக மின்தடையைக் குறித்துக்கொண்டே வந்துதான் மீக்கடத்தலைக் கண்டார். குர்ஷி விளைவும், சிலிக்கான் தளத்தின் உலோக நிலையும், கிராஃபீனின் உறைதலும் அதே எளிய வரைபடத்தில்தான் வெளிப்பட்டன. ஆய்வாளரின் கையில் உள்ள கருவிகளில் வெப்பநிலையைப் போல ஆழமாகக் கேள்வி கேட்பது குறைவு.

அதனால், சூடு ஒழுங்கைக் குலைக்கும் என்று மாணவருக்குச் சொல்லும்போது, அதோடு நின்றுவிடக்கூடாது என்று நினைக்கிறேன். வாய்ப்புகள் எந்த நிலையில் அதிகமோ அந்த நிலைக்கே சூடு துகள்களைத் தள்ளுகிறது. பனிக்கட்டியில் அந்த வாய்ப்புகள் உருகிய நீரில் இருக்கின்றன. ஹீலியம்-3-இல் உறைந்த திடத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் விதி ஒன்றே. வாய்ப்புகளை எங்கே தேடி எண்ண வேண்டும் என்பதைத்தான் ஒவ்வொரு பொருளிலும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.